திங்கட்கிழமைச் சாவு

"நம்ம தெருவுல எமன்கூட லீவு நாள்ல வேலைக்கு வர்றதில்லய்யா. சனி ஞாயிறு ரெஸ்ட்டு. திங்கக்கிழமைதான் டியூட்டி."

பூட்டுக்காரர் தையல்காரரின் கடையில் உட்கார்ந்து இதைச் சொன்னது போன மாதம். இருந்தவர்களில் ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. தையல்காரர் ஊசியில் நூல் கோப்பதுபோல் தலையைக் குனிந்துகொண்டார். அப்போதே பூட்டுக்காரருக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. நல்ல தமாஷை வீணாக்கிவிட்டான்கள் என்று முணுமுணுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டார்.

அதற்குப் பிறகுதான் அவருடைய அண்ணன் படுக்கையில் விழுந்தார். காலமெல்லாம் ஏரியில் படகு ஓட்டி, அக்கரைக்குக் காய்கறி மூட்டையும் பள்ளிக்கூடப் பிள்ளைகளும் ஏற்றிப்போன மனிதர். இருமல் முற்றியதும், ஏரியைப் பார்த்த முன்னறையிலிருந்து அவரைத் தூக்கி, துணி துவைக்கும் மெஷினுக்கு அடுத்த பின்னறையில் போட்டார்கள். முன்னறையை அன்றைக்கே சுற்றுலா வந்த ஒரு புதுமண ஜோடிக்கு வாடகைக்கு விட்டார்கள். அதற்காகப் பூட்டுக்காரர் வாசலில் நின்று அண்ணன் மகனை வாங்கு வாங்கென்று வாங்கினார். போன வாரம் அந்தச் சண்டையோடு முடிந்தது.

ஆனால் சண்டையைவிட அவரைக் குடைந்தது வேறு ஒன்று. அந்தப் பின்னறைக்கு வெளியிலிருந்து பூட்டுகிற மாதிரி ஒரு நம்பர் பூட்டு போடு, மூலையில் கிடக்கிற பழைய ஏ.சி.யையும் மாட்டச் சொல்லு என்று கேட்டது மகன் இல்லை. அண்ணனேதான்.

"குளிர் பட்டாலே மூச்சு இழுக்குற உடம்புக்கு ஏ.சி. எதுக்கு? உள்ள படுத்திருக்கிறவனுக்கு வெளிப்பூட்டு எதுக்கு?"

"போடுடான்னா போடு. கேள்வி கேக்காம ஒரு வேலையாவது செஞ்சிருக்கியா நீ?"

போட்டுக் கொடுத்தார். மகன் சொல்லிக்கொடுத்ததைக் கிழவன் ஒப்பிக்கிறான், ஒருநாள் அப்பனை உள்ளே வைத்துப் பூட்டத்தான் இந்த ஏற்பாடு என்று கறுவிக்கொண்டே ஆணி முடுக்கினார். பூட்டுத் தொழிலில் இருப்பவன் யாரை நம்புவான்? எல்லோரும் ஒழுங்காக இருந்தால் அவன் பிழைப்பு எப்படி நடக்கும்?

ஞாயிற்றுக்கிழமை காலையில் வழக்கம்போல அண்ணனோடு டீ குடிக்கக் கிளம்பினார்.

தெரு நிரம்பி வழிந்தது. சக்கரம் வைத்த பெட்டிகள் கல்தரையில் கடகடவென்று உருண்டுகொண்டிருந்தன. விடுமுறைக் காலம் வந்தால் இந்தச் சத்தத்தில்தான் தெருவே கண் விழிக்கும், தூங்கப்போகும். மளிகைக் கடையில் இப்போது பருப்பு கிடையாது. தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும் விற்கிறார்கள். ஒரு மரை ஆணி வேண்டுமென்றால் பூட்டுக்காரர் பஸ் ஏறி அடுத்த ஊருக்குப் போகிறார். எந்த வீட்டிலும் தெருப்பக்கம் துணி காயப் போடுவதில்லை. வருகிறவர்கள் போட்டோ எடுக்கும்போது உள்பாடி தெரிகிறதாம். வீட்டுக்காரர்கள் எல்லோரும் முன்பக்கத்தை வெளியூராருக்குக் கொடுத்துவிட்டு, அடுப்புக்கும் கழிவறைக்கும் நடுவே ஒண்டிக்கொண்டிருக்கிறார்கள். கேட்டால், "நமக்கென்னங்க, எங்க படுத்தாலும் தூக்கம் வருது" என்பார்கள்.

ஒரு பெண் பூட்டுக்காரரை நிறுத்தி, "இங்க உள்ளூர் ஆளுங்க எங்க இருப்பாங்க? அவங்களைப் பாக்கணும்" என்றாள்.

"அவங்கல்லாம் காலி பண்ணிட்டுப் போயிட்டாங்கம்மா" என்று சொல்லிவிட்டு நடந்தார்.

அண்ணன் வீட்டு வாசலில் பெரிய பலகை. 'படகுத் தாத்தா இல்லம்'. அதில் அண்ணனின் படம், தலையில் வெள்ளைத் தொப்பி. அண்ணன் ஜென்மத்தில் அப்படி ஒரு தொப்பி போட்டுப் படகு ஓட்டியதில்லை, துண்டுதான் கட்டுவார். மகன்தான் கடையிலிருந்து வாங்கி வந்து மாட்டிவிட்டான். வாசலில் நாற்காலி போட்டு, துடுப்பை நட்டு, கிழவனைத் தினமும் உட்கார வைத்தான், படுத்த பிறகும் கொஞ்ச நேரமாவது தூக்கி வந்து வைத்தான். வருகிறவர்கள் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்வார்கள்.

இன்றைக்கு நாற்காலி காலி.

அண்ணன் மகன் கவுன்ட்டரில் நின்றிருந்தான். முகம் ஊதிப்போய், கண் சிவந்து, பத்து நாள் தூங்காதவன் மாதிரி. சீசன் அப்படி, தூங்க விடாது என்று பூட்டுக்காரர் நினைத்துக்கொண்டார்.

"அப்பா எந்திரிச்சாச்சா?"

"தூங்குறாரு சித்தப்பா. ராத்திரி முழுக்க இருமல். இப்பத்தான் கண் அசந்தாரு. எழுப்ப வேணாம்."

அதற்குள் மாடியிலிருந்து ஒரு குடும்பம் இறங்கியது. சின்னப் பெண் ஒருத்தி காலி நாற்காலியைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள். "படகுத் தாத்தா எங்க? நீங்க சொன்னீங்களே!"

அவளுடைய அப்பா கவுன்ட்டர் பக்கம் திரும்பினார். "அதுக்காகத்தான் சார் இங்க புக் பண்ணினோம். நேத்தும் இல்ல, இன்னைக்கும் இல்லன்னா?"

அண்ணன் மகன் சித்தப்பாவின் முழங்கையைப் பிடித்து ஓரமாக இழுத்தான்.

"சித்தப்பா, கோவிச்சுக்காதீங்க. நீங்க அச்சு அசல் அப்பா மாதிரிதான் இருக்கீங்க. ஒரே ஒரு போட்டோ. ரெண்டு நிமிஷம்."

"ஏன்டா, நான் என்ன வாடகை மூஞ்சியா?"

"குழந்தை கேக்குது சித்தப்பா."

அவன் குரல் உடைந்தது. அதற்குத்தான் இரங்கினார். நாற்காலியில் உட்கார்ந்தார். தொப்பியை வைத்தார்கள். அண்ணனின் தலை எண்ணெய் வாசனை குப்பென்று அடித்தது. அந்தச் சின்னப் பெண் அவர் மடியில் கை வைத்துக்கொண்டு நின்றாள். "சிரிங்க தாத்தா!" என்றார்கள். பூட்டுக்காரர் சிரித்தார். பல் தெரியச் சிரித்தார் என்று பிறகு அந்தப் படத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டார்.

சமையல்கட்டு வழியாகப் பின்பக்கம் போனார். அங்கே அண்ணி ரொட்டி வாட்டிக்கொண்டிருந்தார். "வாங்க தம்பி" என்று ஒரு வார்த்தைகூட வரவில்லை. ரொட்டி கருகியது, அதை எடுக்காமல் பார்த்துக்கொண்டே நின்றார். சாப்பாட்டு அறையிலிருந்து யாரோ காபி கேட்டதும் உடம்பு மட்டும் அசைந்து போனது.

பின்பக்கச் சந்தில் தண்ணீர் சொட்டியது. பின்னறை ஏ.சி. குழாய்க்கடியில் வைத்த வாளி நிரம்பி வழிந்துகொண்டிருந்தது.

பூட்டுக்காரர் அந்த வாளியையே பார்த்தார். கோடையிலும் போர்வைக்குள் கிடக்கிற மனிதன் அந்த அறையில் இருக்கிறான். வாளி நிரம்ப வேண்டுமென்றால் ராத்திரி முழுவதும் ஓடியிருக்க வேண்டும்.

கதவுக்கு முன்னால் மருமகள் நின்றாள். அண்ணன் மகனின் மனைவி. கையில் படுக்கை விரிப்பு மூட்டை.

"மாமா தூங்குறாரு."

"நவுரும்மா."

"நம்பர் எனக்குத் தெரியாது. அவருக்குத்தான் தெரியும்."

"எனக்கு நம்பர் வேணாம்."

நம்பர் பூட்டுக்கு அடியில் ஒரு சின்ன மூடி இருக்கும். அதைத் தள்ளினால் சாவித் துவாரம். அவசரத்துக்கென்று வைத்திருப்பது. அந்தச் சாவி பூட்டுக்காரரின் இடுப்பில் எப்போதும் தொங்கும்.

கதவு திறந்ததும் குளிர் முகத்தில் அறைந்தது.

அண்ணன் நேராகப் படுத்திருந்தார். அவர் ஒருநாளும் நேராகப் படுத்ததில்லை, ஒருக்களித்துத்தான் படுப்பார், அப்போதுதான் மூச்சு வரும். இப்போது மூச்சுப் பிரச்சினை இல்லை. மாடி அறைகளுக்குப் போடுகிற, நீலக் கரை வைத்த வெள்ளை விரிப்பைக் கழுத்துவரை போர்த்தியிருந்தார்கள்.

"அண்ணே" என்றார் பூட்டுக்காரர். இன்னும் ஒருமுறை கூப்பிட வாய் திறந்தபோது அண்ணன் மகன் ஓடிவந்து கதவைச் சாத்தி, அவர் வாயைப் பொத்தினான்.

"சித்தப்பா, கால்ல வேணா விழறேன். சத்தம் போடாதீங்க."

அவர் அந்தக் கையைப் பிடுங்கி எறிந்தார். "எப்படா?"

"நேத்து சாயங்காலம்."

"நேத்தா? நேத்துச் செத்தவனை வச்சுக்கிட்டு, என்னை அவன் தொப்பியைப் போட்டு உக்கார வச்சியாடா நீ? இளிக்க வச்சியா?"

"மாடியில எல்லா ரூமும் ஃபுல்லு. நாளைக்குக் காலையில எல்லாரும் காலி பண்ணிடுவாங்க. அப்புறம் சொல்லிக்கலாம். தங்கச்சிக்குக்கூட, முடியல, நாளைக்கு வான்னுதான் சொல்லியிருக்கேன்."

"உனக்கு வெக்கமா இல்ல?"

"எனக்கு மட்டும் அவரு அப்பா இல்லையா?" என்றான் அவன். கிசுகிசுப்பாகத்தான் கத்தினான். "ராத்திரி காருக்குள்ள கண்ணாடியை ஏத்தி விட்டுட்டு உக்காந்து அழுதேன். வேற எங்க போய் அழறது? எந்த ரூம்ல ஆள் இல்ல? சொல்லுங்க!"

மேலே யாரோ நாற்காலியை இழுத்தார்கள். சிரிப்புச் சத்தம் கேட்டது. இருவரும் கூரையைப் பார்த்தார்கள்.

"தெருவைக் கூட்டிட்டு வரேன்" என்றார் பூட்டுக்காரர். "கூட்டிட்டு வந்து இன்னைக்கே எடுக்கிறேன். எவன் தடுக்கிறான்னு பாக்கிறேன்."

கிளம்பும்போது தொப்பி தலையிலேயே இருந்தது தெரிந்தது. பிடுங்கிச் சட்டைக்குள் திணித்துக்கொண்டார்.

தையல்காரர் ஜன்னல் திரைக்கு மடிப்பு வைத்துக்கொண்டிருந்தார். சட்டை தைத்துப் பல வருஷம் ஆகிறது. ரூம்களுக்குத் திரையும் தலையணை உறையும்தான். பூட்டுக்காரர் கடைக் கதவைச் சாத்திவிட்டு விஷயத்தைச் சொன்னார். தையல்காரர் மிதிப்பதை நிறுத்தினார். முகத்தில் துக்கம் வந்தது. ஆச்சரியம் வரவில்லை. அதுதான் பூட்டுக்காரருக்குப் பொறுக்கவில்லை.

"உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"உன் அண்ணனை ரெண்டு நாளா வெளிய காணோம்னதும் நினைச்சேன்."

"அப்ப எந்திரி. ஆளுங்களைக் கூட்டு."

தையல்காரர் எந்திரிக்கவில்லை. "நாளைக்கு வரேன்ப்பா. முதல் ஆளா வரேன்."

"நாளைக்கு எதுக்கு? அவன் செத்தது நேத்து!"

"மெதுவா பேசு. மாடியில ஆள் இருக்கு." தையல்காரர் கதவைப் பார்த்துக்கொண்டார். "எங்கம்மா போனது என்னைக்கு?"

"போன வருஷம். திங்கக்கிழமை. நான்தான் தோள் கொடுத்தேன்."

"வெள்ளிக்கிழமை."

பூட்டுக்காரர் பக்கத்திலிருந்த துணிக்குவியலின் மேல் உட்கார்ந்தார்.

"வெள்ளிக்கிழமை விடியக்காலம்" என்றார் தையல்காரர். "மூணு நாள் லீவு சேந்து வந்திருந்துச்சு. அப்பவே எடுத்திருந்தா என்ன ஆகும்? ஞாபகம் இல்லையா உனக்கு, கடைசி வீட்டுக்காரன் செத்தப்ப? பொணம் போற தெருன்னு எவனோ படம் பிடிச்சுப் போட்டான். அந்த சீசன் முழுக்க ஒரு நாய் வரல இந்தத் தெருவுக்கு. அப்புறம்தான் எல்லாரும் கூடிப் பேசினோம்."

"என்னைக் கூப்பிடலையே."

"உன் வீட்டுல ரூம் இல்லையே."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

தையல்காரர் அவரை ஒரு மாதிரி பார்த்தார். பரிதாபமா, கோபமா, இரண்டுமா. "யோவ், விளையாடறியா? வீட்டுக்கு வீடு பின்னறைக்கு நம்பர் பூட்டு போட்டது யாரு? நீதானேய்யா? குழந்தை குட்டி தெரியாம கதவைத் திறந்துடக் கூடாதுன்னுதானே வெளிப்பூட்டு. நீ தெரிஞ்சேதான் போடறேன்னு நாங்க நினைச்சுக்கிட்டு இருந்தோம். திங்கக்கிழமை எமன்னு நீ கிண்டல் அடிச்சியே, அன்னைக்கு எனக்கு உன்னைச் செருப்பால அடிக்கணும்போல இருந்துச்சு."

சாமான் அறை, சாமான் அறை என்று சொல்லித்தான் ஒவ்வொரு வீட்டிலும் பூட்டுக்காரரைக் கூப்பிட்டார்கள். ஊரெல்லாம் சந்தேகப்படுகிற மனுஷன், இதை மட்டும் நம்பியிருக்கிறார். கூலி வாங்கிக்கொண்டு, நல்ல பூட்டு, யானை இடித்தாலும் திறக்காது என்று பெருமை வேறு அடித்திருக்கிறார்.

"வர்றவனுங்களைச் சொல்லிக் குத்தம் இல்ல" என்றார் தையல்காரர். "அவன் ஏரியைப் பாக்க வர்றான். அழாதேன்னு அவனா சொன்னான்? நாமளா வாயை மூடிக்கிட்டோம்."

"நாளைக்கு முதல் ஆளா வர வேணாம்" என்றார் பூட்டுக்காரர். "வராமலே இரு."

அதற்கு மேல் அவர் இன்னொரு வீட்டுக் கதவையும் தட்டவில்லை. எல்லாக் கதவிலும் அவர் போட்ட பூட்டு தொங்கியது.

திரும்பி வரும்போது மத்தியானம் தாண்டியிருந்தது. நேரே பின்னறைக்குத்தான் வந்தார். இடுப்பில் கை வைக்கும் முன்பே கதவு லேசாகத் திறந்திருப்பதைக் கண்டார். உள்ளே அண்ணி, அண்ணன் காலடியில். மடியில் ஈர விரிப்பு.

"அண்ணி, நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க. உங்க புருஷன். நீங்க சொன்னா அவன் கேட்டுத்தான் ஆகணும். இப்பவே கதவைத் திறந்து வச்சு, ஊரே கேக்க அழலாம்."

அண்ணி நிமிர்ந்து பார்த்தார். "அவனைத் திட்டாதீங்க தம்பி. இந்தப் பூட்டைப் போடச் சொன்னது யாரு?"

"அண்ணன்."

"ஏ.சி.?"

பூட்டுக்காரர் ஓடிக்கொண்டிருந்த ஏ.சி.யைத் திரும்பிப் பார்த்தார்.

"தான் போற நாள் தெரிஞ்சுபோச்சு அவருக்கு. சீசன் முடியற வரைக்கும் இழுத்துப் பிடிக்கப் பாத்தாரு, முடியல. போறதுக்கு முந்தின நாள் என்னைக் கூப்பிட்டு, லீவு நாள்ல போனேன்னா பொறுத்துக்க, பையன் பாவம்னாரு. தம்பிகிட்ட மட்டும் சொல்லாத, அவன் தெருவைக் கூட்டிடுவான்னாரு." அண்ணி விரிப்பின் ஓரத்தை முறுக்கினார். "என்னை அழக்கூடக் கூடாதுன்னு சொல்லிட்டுப் போன மனுஷன் இவருதான். இவரை நான் யாருகிட்ட போய்ச் சொல்ல?"

பூட்டுக்காரருக்கு யாரை அடிப்பது என்று தெரிந்தால் அடித்திருப்பார்.

அண்ணி எழுந்து மெஷினுக்குப் போனார். விரிப்புகளை அள்ளிப் போட்டு, மூடியைத் தட்டி, பட்டனை அழுத்தினார். பழைய மெஷின். தண்ணீர் பிழிகிற சுற்றுக்கு வந்துவிட்டால் நின்ற இடத்திலிருந்து நடக்கத் தொடங்கும், அப்படி ஒரு ஆட்டம், அப்படி ஒரு இரைச்சல். அண்ணி அதன்மேல் இரண்டு கையையும் ஊன்றிக் காத்துக்கொண்டிருந்தார். இரைச்சல் கிளம்பியது. உடனே வாயைத் திறந்தார்.

பூட்டுக்காரர் அப்படி ஓர் அழுகையைக் கேட்டதில்லை. சரியாகச் சொன்னால் இப்போதும் கேட்கவில்லை. வாய் விரிவதும், கழுத்து நரம்பு புடைப்பதும், உடம்பு மெஷினோடு சேர்ந்து குலுங்குவதும்தான் தெரிந்தது. "என்னை விட்டுட்டு" என்பதுபோல் உதடு அசைந்தது. மெஷின் வேகம் குறைந்தது. அண்ணியின் குரல் ஒரு நொடி வெளியே தெரிந்து, உடனே அடங்கியது. மூடியைத் திறந்து விரிப்புகளை எடுத்து உதறினார்.

"நம்ம தெருப் பொம்பளைங்க எல்லாருக்கும் இது பழக்கம்தான் தம்பி" என்றார். "நீங்க வேணும்னா அடுத்த தடவை போடும்போது அழுதுக்குங்க. இன்னும் ரெண்டு ரூம் துணி இருக்கு."

சாயங்காலம் வரை பூட்டுக்காரர் அந்தக் குளிருக்குள்ளேயே உட்கார்ந்திருந்தார். அடுத்த வீட்டில் ஒரு மெஷின் ஓடியது. எதிர் வீட்டில் ஒன்று. வெறும் துணிதான் என்று அவரால் இனி எந்த மெஷினையும் நினைக்க முடியாது.

வெயில் சாய்ந்தபோது வாசலில் ஒரு குரல் கேட்டது.

"அம்மா! யாரும் இல்லையா வீட்டுல? அம்மா!"

பூட்டுக்காரர் துள்ளி எழுந்தார். அண்ணன் மகள். தெருவில் அவளுக்கு 'சைரன்' என்று பெயர். சின்ன வயசில் அவள் கரையில் நின்று கூப்பிட்டால் ஏரி நடுவில் அப்பா படகைத் திருப்புவார். அப்பாவுக்கு முடியலை, நாளைக்கு வா என்று கூடப்பிறந்தவன் சொன்னால் எந்த மகள் நாளை வரை இருப்பாள்? கிடைத்த பஸ்ஸில் ஏறி வந்துவிட்டாள்.

வாசலுக்கு வந்தபோது அண்ணன் மகன் அவளுக்குக் குறுக்கே நின்றிருந்தான். "வா, முதல்ல மேல வா, டீ குடி, சொல்றேன்" என்று உளறினான். மருமகள் அவள் கையைப் பிடித்திருந்தாள். சமையல்கட்டு வாசலில் அண்ணி சுவரோடு சுவராக நின்றார்.

"என்னடா டீ? வழியை விடு. அப்பா எங்க?"

மாடி பால்கனியில் நாலைந்து தலைகள் எட்டிப் பார்த்தன. சின்னப் பெண் கம்பி வழியாகக் கையை நீட்டி ஆட்டினாள். "ஹே! படகுத் தாத்தா!"

மகள் சட்டென்று திரும்பிப் பார்த்தாள். அங்கே அப்பா இல்லை. சித்தப்பாதான் நின்றார். அவர் சட்டைக்குள்ளிருந்து வெள்ளைத் தொப்பியின் ஓரம் நீட்டிக்கொண்டிருந்தது.

"சித்தப்பா, அந்தப் பொண்ணு ஏன் உங்களை அப்படிக் கூப்பிடுது?"

அண்ணன் மகன் சித்தப்பாவைப் பார்த்துக் கை கூப்பினான். அண்ணி தலையை ஆட்டினார், வேண்டாம் என்று. தெருவில் எதிர் வீட்டு ஜன்னல், பக்கத்து வீட்டு ஜன்னல், தையல்காரரின் ஜன்னல் எல்லாம் மூடியபடியே காது கொடுத்துக்கொண்டிருந்தன.

"அப்பா எங்க சித்தப்பா?"

பூட்டுக்காரர் தொப்பியை உருவி நாற்காலியில் வைத்தார். மாடிக்கும் கேட்கும்படிச் சொன்னார்.

"உங்கப்பா நாளைக்குத்தாம்மா சாகப்போறாரு. இன்னைக்கு எல்லா ரூமும் ஃபுல்லு."

அவள் கையிலிருந்த பை நழுவிக் கீழே விழுந்தது. அவள் வாய் திறந்தது. நெஞ்சு நிறைய மூச்சை இழுத்தாள்.

மருமகள் பிடியை விட்டுவிட்டுப் பின்பக்கம் ஓடினாள். துவைக்க ஒரு துணிகூட மிச்சமில்லை. மெஷின் காலியாகவே சுற்றத் தொடங்கியது.